டெஸ்ஸா ஃபெயிலாக வேண்டும்

வெண்டல் ஹெம்ரிக்கின் மகள் டெஸ்ஸா எந்தக் கதவைக் கண்டாலும் முதலில் இழுப்பாள். மருந்துக் கடை, நூலகம், பீட்சாக் கடை, எங்கே போனாலும் ஒரு இழுப்பு. திறக்காவிட்டால்தான் தள்ளுவாள். கராஜ் கதவு மாட்டுவதே பிழைப்பாகிவிட்ட வெண்டலுக்கு இது வெகுநாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் கதவிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, இவள் ஏன் அதைப் பார்ப்பதே இல்லை என்று ஒரு நாள் பீட்சாக் கடை வாசலில் அவனுக்கு உறைத்தது. டெஸ்ஸா அப்போது மூன்றாம் வகுப்பு.

வீட்டுக்கு வந்ததும் காலை உணவுப் பெட்டி ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு."

"தேன் வளையம்," என்றாள் டெஸ்ஸா பட்டென்று. பெட்டியில் தேனீ படம் இருந்தது.

"அதுக்குக் கீழ?"

கீழே படம் இல்லை. டெஸ்ஸா எழுத்தைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். முகத்தைப் படிப்பதில் அவள் கெட்டிக்காரி. "உடம்புக்கு நல்லது?" என்று கேள்வியாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா முகம் மாறாததால் "புதுசு?" என்றாள். பிறகு "பொம்மை இலவசம்?" என்றாள்.

வெண்டல் சமையலறைக்குப் போனான். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த மனைவி டார்லா அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டார்லா, நம்ம பொண்ணுக்கு வாசிக்கத் தெரியல."

"உளறாதே. போன மாசம்தானே பள்ளிக்கூடத்துல 'வாசிப்பு நட்சத்திரம்'னு சான்றிதழ் குடுத்தாங்க? ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு, கண்ணைத் தொறந்து பாரு."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு அவளையே கேளு."

டார்லா கேட்டாள். டெஸ்ஸா சான்றிதழை அன்போடு பார்த்துவிட்டு, "நான் நல்ல பொண்ணுன்னு எழுதியிருக்கு," என்றாள்.

ஹார்லன் ஃபோர்க் தொடக்கப் பள்ளிக்கு மாநிலம் அந்த வருஷம் 'ஏ' கொடுத்திருந்தது. பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவதுபோல் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு எழுத்துப் போடுவது அந்த ஊர் வழக்கம். வாசலில் தொங்கிய 'ஏ' பதாகை தேசியக் கொடியைவிடப் பெரிது. வீட்டுத் தரகர்கள் முதலில் எழுத்தைச் சொல்லிவிட்டுத்தான் குளியலறை எத்தனை என்று சொல்வார்கள். ஏரிக்கரைப் பக்கத்து டாக்டர்களும் வக்கீல்களும் தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தனி ஆசிரியர் வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக் கழித்து 'ஏ' வாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை. கதவு மாட்டுகிறவன் வீட்டில் மட்டும் குறை வந்துவிட்டது.

வகுப்பாசிரியை மிஸ் கார்வேயைப் பார்க்கப் போனபோது அவள் மடிக்கணினியைத் திருப்பி வைத்து, பிள்ளைகளின் மதிப்பெண்களை நிறங்களாகப் போட்டிருந்த ஒரு வானவில்லைக் காட்டினாள். சின்ன வயது, நல்ல மாதிரி. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இதோ டெஸ்ஸா. இளமஞ்சள். இலையுதிர் காலத்துல வெறும் மஞ்சளா இருந்தா. அழகா வளர்ந்திருக்கா."

"அவளுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"நாங்க அந்தக் கேள்வியை அப்படிக் கேக்கறதில்ல, மிஸ்டர் ஹெம்ரிக்."

"வேற எப்படிக் கேப்பீங்க?"

மிஸ் கார்வே கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தெரியாது. எனக்கும் அது தெரியும். செப்டம்பர்ல ஒரு அளவெடுப்பு, ஜனவரியில ஒண்ணு, ஏப்ரல்ல மாநிலப் பரீட்சை. ஒவ்வொண்ணுக்கும் முன்னால மாதிரி அளவெடுப்பு. மாதிரிக்கு ஒரு ஒத்திகை. நடுவுல கணினியில அவங்களே தங்களை அளந்துக்கணும்."

"அப்ப எப்பதான் சொல்லிக் குடுப்பீங்க?"

"மே மாசம் ரெண்டு வாரம் இருக்கு," என்றாள் நம்பிக்கையோடு. பிறகு ஞாபகம் வந்து, "அதுல விளையாட்டு விழா வந்துடும்," என்றாள்.

நானே சொல்லிக்கொடுக்கட்டுமா என்று வெண்டல் கேட்டான். மிஸ் கார்வே பதறினாள். பெற்றோர்கள் பழைய முறையில் எழுத்துக்கூட்டச் சொல்லிக் குழப்பிவிடக் கூடாது என்று வருஷ ஆரம்பத்திலேயே எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பியிருந்தார்களாம். தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார்க்க வேண்டும். படம் இல்லையென்றால் மனதில் தோன்றியதைச் சொல்ல வேண்டும். வெண்டல் அந்த உத்தரவுக்கு அப்படியே கீழ்ப்படிந்தான். பள்ளிக்கூடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீட்டில் பிறந்தவன் அவன். பின்னால் அதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தான்.

ஜனவரியில் அவனைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். மழலையர் நாற்காலிகளில் ஆறேழு பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை டாக்டர் விங்கெட் நடுவில். அவள் பக்கத்தில் கழுத்தில் விசில் தொங்கக் கோச் பிராட்டன். உடற்பயிற்சி ஆசிரியரான அவரே வாசிப்புப் பயிற்சியாளரும். பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தே தீர வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டபோது, தங்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருப்பதைப் பள்ளி கண்டுபிடித்திருந்தது.

"மிஸ்டர் ஹெம்ரிக்," என்று டாக்டர் விங்கெட் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு தொடங்கினாள், "இந்தக் கட்டடத்துல எந்தக் குழந்தையும் எங்க கண்ணுலேர்ந்து தப்ப முடியாது. உங்க டெஸ்ஸாவை மழலை வகுப்புலேர்ந்து அளந்துக்கிட்டே வர்றோம். ஒரு அளவெடுப்பைக்கூட அவ தவறவிட்டதில்ல. அதுக்காக உங்களுக்கு என் பாராட்டு."

"அளந்து பார்த்ததுல என்ன தெரிஞ்சுது?"

"அவளை அளக்க முடியும்னு தெரிஞ்சுது."

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வெண்டலும் பழக்கதோஷத்தில் ஆட்டிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டான்.

"அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்குடுக்க இங்க யாராவது இருக்காங்களா? எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

"ஏன் இல்லாம? மிசஸ் ஓஸ்ட்ராண்டர் இருக்காங்க. மாவட்டத்துக்கே அவங்க ஒருத்தங்கதான். ஒரு குழந்தையைப் பக்கத்துல உட்கார வெச்சு எழுத்து எழுத்தாச் சொல்லிக் குடுப்பாங்க. பழைய வழிதான், ஆனா பிரமாதமா பலிக்குது. அதனாலதான் எல்லாருக்கும் குடுக்கறதில்ல."

"யாருக்குக் குடுப்பீங்க?"

"மாநிலப் பரீட்சையில சிவப்புல விழற குழந்தைக்கு. டெஸ்ஸா மஞ்சள்."

"மஞ்சள்னா கொஞ்சம் வாசிக்கத் தெரியும்னு அர்த்தமா?"

"நாலு விடையில ஒண்ணை உத்தேசமாக் கறுப்பாக்கறதுல அவளுக்கு நல்ல கைராசின்னு அர்த்தம்," என்று விளக்கினார் கோச் பிராட்டன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இன்னும் கொஞ்சம் மோசமா இருந்திருந்தா நாமளே தூக்கி விட்டிருக்கலாம், சார். அந்தக் கொஞ்சத்துலதான் போயிடுச்சு."

வீட்டுக்குத் திரும்பும்போது வெண்டலுக்கு இனி என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. டெஸ்ஸா ஃபெயிலாக வேண்டும். ஏப்ரலில் அவள் சுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், இரத்தச் சிவப்பாக ஃபெயிலாக வேண்டும். அப்போதுதான் அடுத்த வருஷம் மிசஸ் ஓஸ்ட்ராண்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும். அவன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முழங்காலிட்டு அதைத்தான் வேண்டிக்கொண்டான். பக்கத்தில் டார்லாவும் கண்ணை மூடி அதையே வேண்டினாள். ஒரு தகப்பனையும் தாயையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திய பள்ளிக்கூடத்தைத்தான் ஊர் தன் பெருமை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"கண்ணு, இந்தத் தடவை நீ நல்லாப் பண்ணாதே," என்றான் டெஸ்ஸாவிடம்.

"மிஸ் கார்வே நல்லாப் பண்ணச் சொன்னாங்களே?"

"அவங்க சொன்னா சரின்னு சொல்லு. சொல்லிட்டு மோசமாப் பண்ணு."

டெஸ்ஸா யோசித்தாள். அவள் கண் கலங்கியது. "மோசமாப் பண்றதுக்கும் எனக்குத் தெரியாதேப்பா. எது சரின்னு தெரிஞ்சாத்தானே தப்பானதைக் கறுப்பாக்க முடியும்?"

வெண்டல் எழுந்தான். வெளியே போய் லாரியின் டயரை உதைத்துவிட்டு வந்தான்.

பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை உற்சாகக் கூட்டம் நடந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் புகை விட்டார்கள், முரசு கொட்டினார்கள். பள்ளி மறுபடியும் 'ஏ' வாங்கினால் ஒரு பன்றியை வாயில் முத்தமிடுவேன் என்று டாக்டர் விங்கெட் பகிரங்கமாக வாக்குக் கொடுத்தாள். பன்றியையும் கொண்டுவந்து காட்டினார்கள். இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டியிருந்த அதுதான் அந்தக் கூட்டத்தில் அமைதியாக இருந்தது. கோச் பிராட்டன் பெரிய துணியில் எழுதிய வாசகத்தைத் தூக்கிப் பிடித்து, "என்ன போட்டிருக்கு? சத்தமா வாசிங்க!" என்று கத்தினார். "நாங்கள் வாசிப்பில் புலிகள்!" என்று கூடமே அதிர்ந்தது. டெஸ்ஸாவும் முன்னால் நின்ற பெண்ணின் குரலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மேடையிலிருந்து பார்க்க அவள் எல்லோரையும்விட நன்றாக வாசிப்பதுபோல் தெரிந்தது. ஒரு பென்சில் பரிசு கொடுத்தார்கள்.

அதே வெள்ளி மாலை பெற்றோர்களைத் தொண்டு செய்யக் கூப்பிட்டார்கள். பரீட்சை வாரத்தில் பிள்ளைகள் கண்ணில் எழுதிய சொல் எதுவும் படக் கூடாது என்பது விதி. சொல் என்றால் விடை, விடை என்றால் மோசடி. எனவே பழுப்புத் தாளும் ஒட்டுநாடாவும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் மூடினார்கள். அகரவரிசைப் படம் முதலில் போயிற்று. நூலகத்தை மொத்தமாகப் போர்த்தினார்கள். கடிகாரத்தின் எண்கள், தண்ணீர்க் குழாயின் சூடு, குளிர், கதவில் இருந்த புஷ், கழிப்பறையில் ஆண், பெண் எல்லாம் தாளுக்குள் போயின. அறை எண்களையும் மூடச் சொன்னார் கோச். "எண்ணும் ஒருவகை உதவிதான் சார்," என்றார். 'அன்பாயிரு' என்று எழுதிய சட்டையோடு வந்த ஒரு குழந்தையின் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டார்கள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்த டெஸ்ஸாவின் முகத்தில் வெண்டல் வெகுநாளாகப் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது.

"அப்பா, இன்னிக்கு யாருக்குமே எங்க போறதுன்னு தெரியல. பெரிய கிளாஸ் பசங்ககூட கேட்டுக் கேட்டுத்தான் போனாங்க. ஒரு பையன் பொண்ணுங்க கழிப்பறைக்குள்ள போயிட்டான். டாக்டர் விங்கெட் துடைப்பம் வெக்கிற அறைக்குள்ள போயிட்டாங்க."

"உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"எனக்கென்ன? நான் தினமும் இப்படித்தானே போறேன். எல்லா வாரமும் இப்படியே இருந்தா நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வெண்டல் அன்று சாப்பிடவில்லை.

செவ்வாயன்று வாசிப்புத் தேர்வு. கண்காணிக்க ஆள் போதாமல் பெற்றோர்களை அழைத்திருந்தார்கள். வெண்டலும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் விங்கெட் வலது கையைத் தூக்கச் சொல்லி உறுதிமொழி வாங்கினாள். எந்தக் குழந்தைக்கும் எந்தச் சொல்லையும் வாசித்துக் காட்ட மாட்டேன். எந்தக் குழந்தை எதைக் கேட்டாலும் "உன்னால் முடிந்ததைச் செய்" என்று மட்டும் சொல்வேன். முகபாவத்தால்கூட உதவ மாட்டேன்.

"ஏதாவது குழந்தை வாந்தி எடுத்தா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"நல்ல கேள்வி. வினாத்தாளை உடனே ஜிப் வெச்ச பையில போட்டு மூடி, ஆசிரியர் கையாலயே என் அறைக்குக் கொண்டு வரணும். ஒரு பக்கம்கூட விடுபடக் கூடாது. மாநிலத்துக்கு அதை அப்படியே அனுப்பியாகணும்."

"குழந்தை?"

"குழந்தையை அனுப்ப வேண்டாம்," என்றாள் டாக்டர் விங்கெட்.

தன் பிள்ளை இருக்கும் அறையில் எந்தப் பெற்றோரும் நிற்கக் கூடாது என்பதும் விதிதான். அதனால் வெண்டலைப் பதினான்காம் அறைக்குப் போகச் சொன்னார்கள். அவன் நீண்ட நடையில் போனான். இரு பக்கமும் கதவுகள், கதவுகள் மேல் பழுப்புத் தாள். எது பதினான்கு என்று கண்டுபிடிக்க வழியில்லை. கேட்கலாமென்றால் நடையில் பேசக் கூடாது. மணி அடித்துவிட்டது. கைக்குக் கிடைத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். மூன்றாவது வரிசையில் டெஸ்ஸா உட்கார்ந்து அவனுக்குக் கையாட்டினாள். மிஸ் கார்வே அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஆனால் அச்சடித்த அறிவிப்பைத் தவிர வேறு எதையும் பேச அவளுக்கு அப்போது அனுமதி கிடையாது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில், மூளைக்குத் தெம்பு என்று கொடுத்த டோனட்டில் மூன்றைச் சாப்பிட்டிருந்த கோல்பி என்ற சிறுவன் வினாத்தாள் மேல் வாந்தி எடுத்தான். மிஸ் கார்வே பழகிய வேகத்தில் பையைத் திறந்து, பக்கங்களைச் சரிபார்த்து, மூடி, இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தாள். கோல்பி பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு போனான். அறையில் பெரியவன் என்று வெண்டல் மட்டும்தான் மிச்சம்.

டெஸ்ஸா கையைத் தூக்கினாள்.

வெண்டல் சுவரைப் பார்த்தான். சுவரில் பழுப்புத் தாள்தான் இருந்தது. கை இறங்கவில்லை. அருகில் போனான். தாளில் பீவர் என்னும் நீரெலி ஒன்று அணை கட்டிக்கொண்டிருந்தது. படம் இருந்தது. டெஸ்ஸா படத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு நான்கெழுத்துச் சொல்லின் கீழே விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

"அப்பா, இது என்ன?"

அவனுக்கு எல்லாம் தெரியும். உறுதிமொழி தெரியும். சொன்னால் பரீட்சை கெடும், சிவப்பு கைநழுவும், மிசஸ் ஓஸ்ட்ராண்டர் கிடைக்கமாட்டாள் என்பதும் தெரியும். மூன்று மாதமாக அவன் வேண்டியதெல்லாம் இவள் இப்படி ஒரு சொல்லில் முட்டி நிற்க வேண்டும் என்பதுதான்.

"உன்னால முடிஞ்சதைச் செய்," என்றான்.

"முடியலப்பா. அதான் கேக்கறேன்."

ஒன்பது வயதில் முதல் தடவையாக அவள் ஊகிக்காமல் கேட்டாள். அதற்குமேல் வெண்டலால் தாங்க முடியவில்லை. மண்டியிட்டு அவள் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாக நகர்த்தினான். ஒவ்வொன்றின் ஒலியையும் சொன்னான். கடைசி இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றான். டெஸ்ஸா உதட்டைக் குவித்து, விட்டு, மறுபடி குவித்தாள்.

"புஷ்," என்றாள் மெல்ல. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "புஷ்! பீவர் சேத்தைத் தள்ளுது! புஷ்!"

வாந்தி மேல் போட மணல் வாளியோடு வாசலில் நின்றிருந்த கோச் பிராட்டனின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் விசாரணை. மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் லாங்ஸ்ட்ரெத் வந்திருந்தார். அவருக்கு இரு பக்கமும் டாக்டர் விங்கெட்டும் மிஸ் கார்வேயும். வெள்ளி நிறத் தலைமுடி, மென்மையான குரல். சம்பந்தப்பட்ட குழந்தை என்பதால் டெஸ்ஸாவும் ஒரு நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணா," என்றார் அவர் அவளிடம், "அன்னிக்கு அப்பா சொன்ன அந்தச் சொல், இன்னும் ஞாபகம் இருக்கா?"

"ம். புஷ்."

"மறக்க முயற்சி பண்ணினியா?"

"இல்லையே."

டாக்டர் லாங்ஸ்ட்ரெத் டாக்டர் விங்கெட்டைப் பார்த்தார். "கறை இன்னும் போகல," என்றார். பிறகு வெண்டல் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஹெம்ரிக், நான் உங்க மேல கோபப்படல. ஒரு தகப்பனா உங்களைப் புரிஞ்சுக்கறேன். ஆனா என்ன நடந்திருக்குன்னு யோசிங்க. பள்ளி நேரத்துல, பள்ளிக்கூடத்துக்குள்ளயே, ஒரு பெரியவர் ஒரு குழந்தை பக்கத்துல மண்டியிட்டு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் குடுத்திருக்கார். எத்தனையோ வருஷமா கல்வித் துறையில இருக்கேன். இப்படி ஒண்ணு நடந்து நான் கேள்விப்பட்டதே இல்ல."

"அந்தச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கு," என்றாள் டாக்டர் விங்கெட். துக்க வீட்டுக் குரல். "இப்ப அத்தனை குழந்தைங்களுக்கும் அந்தச் சொல் தெரியும். அந்த வகுப்பையே கணக்குலேர்ந்து எடுத்தாச்சு. நம்ம 'ஏ' போச்சு. பன்றிக்குக் குடுத்த வாக்கும் போச்சு."

"என் பொண்ணோட பரீட்சை?"

"செல்லாது."

"சரி. அப்ப ஃபெயில்தானே?" வெண்டல் நாற்காலி நுனிக்கு வந்தான். "ஃபெயில்னு போட்டுக்குங்க. மிசஸ் ஓஸ்ட்ராண்டர்கிட்ட அனுப்புங்க. என்னை என்ன வேணா பண்ணிக்குங்க."

"ஃபெயிலாகறதுக்கு அளவு வேணும். செல்லாததுக்கு அளவு கிடையாது. கணக்கைப் பொறுத்தவரைக்கும் டெஸ்ஸா இந்த வருஷம் இல்லவே இல்ல. இல்லாத குழந்தைக்கு நாங்க எப்படி உதவி பண்ண முடியும்? அடுத்த ஏப்ரல்ல மறுபடி அளப்போம்."

வெண்டல் எழுந்துவிட்டான். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நாலு வருஷமா என் பொண்ணைத் தராசுத் தட்டுல உட்கார வெச்சு எடை பார்த்துக்கிட்டே இருக்கீங்க. ஒரு வாய் சோறு போட்டீங்களா? எடை ஏறல, எடை ஏறலன்னு பன்றியைக் கூட்டிட்டு வந்து கூத்தடிக்கிறீங்க. அவ ஒரே ஒரு சொல் கத்துக்கிட்டா, அதையும் கறைங்கிறீங்க. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

மிஸ் கார்வே மட்டும் தலை குனிந்துகொண்டாள். டாக்டர் லாங்ஸ்ட்ரெத் சிறிதும் மனம் கோணவில்லை.

"தராசு. ரொம்ப அழகான உவமை, மிஸ்டர் ஹெம்ரிக். ஆகஸ்ட் மாச ஆசிரியர் மாநாட்டுல நான் இதைப் பயன்படுத்திக்கலாமா?"

அனுமதி கிடைக்காததில் அவருக்குச் சற்று ஏமாற்றம். ஒரு வருஷத்துக்கு வெண்டல் பள்ளிக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லி எழுந்தார்.

வெண்டல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடையில் நடந்தான். பழுப்புத் தாள்கள் இன்னும் கிழிக்கப்படவில்லை. விசாரணைக் கோப்பை மூடும்வரை எல்லாம் சாட்சியமாம். வாசல் கதவருகில் டெஸ்ஸா கையை உருவிக்கொண்டாள். இழுக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளின் மூலையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அதைத் தொடாதே கண்ணா!" என்று பின்னாலிருந்து டாக்டர் விங்கெட் குரல் கொடுத்தாள்.

"அப்பா, இங்கயும் அதே இருக்கு. இத்தனை நாளும் இங்கயேவா இருந்துது?"

"இத்தனை நாளும் இங்கயேதான் இருந்துது."

டெஸ்ஸா இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளினாள். திறந்தது.

அது பள்ளி விடும் நேரம். பிள்ளைகளை ஏற்றிப் போக வந்த கார் வரிசை ஏரிக்கரை வரை நீண்டிருந்தது. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக்குக்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. வரிசையில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பிள்ளைகள் ஊரும் வண்டியில் தாவி ஏற வேண்டும். செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு கோச் பிராட்டன் புது விசிலோடு நடுவில் நின்றார். வெண்டல் லாரியை வரிசைக்குள் செருகினான். ஸ்டாப் பலகை நட்டிருந்த பள்ளி வாயிலை எட்டியதும் டெஸ்ஸா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அந்தச் சிவப்புப் பலகையில எழுத்து இருக்கு."

"இருக்கு."

"எனக்கு இது வரைக்கும் சிவப்பு மட்டும்தான் தெரியும். அந்தக் கடைசி எழுத்து எனக்குத் தெரியும்ப்பா. 'புஷ்'ல முதல்ல வந்துதே, அதுதான். மத்ததெல்லாம் என்ன?"

வெண்டல் பிரேக்கை அழுத்தினான். எஞ்சினை அணைத்தான். சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஏரிக்கரை வரை அத்தனையும் சேர்ந்து அடித்தன. கோச் பிராட்டன் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"நகருங்க சார்! வரிசையில நிக்கக் கூடாது! நகருங்க, நகருங்க!"

வெண்டல் கண்ணாடியை இறக்கினான்.

"முடியாது, கோச். என் பொண்ணு வாசிச்சுக்கிட்டிருக்கா," என்றான். கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டு மகள் பக்கம் திரும்பி, "முதல் எழுத்துலேர்ந்து வா," என்றான்.